ஏழு வயதில் மார்பு மொட்டு, பதினாறில் மீசை இல்லை: பருவத்தின் கணக்கு என்ன?

செம்மண்வீடு (கொழிஞ்சாம்பாறை)

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஏழு வயது முடிந்து நாலு மாதம் ஆகிறது. குளிப்பாட்டும்போது இடது மார்புக் காம்புக்குக் கீழே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. தொட்டால் வலிக்கிறது என்கிறாள். இப்போது வலது பக்கமும் லேசாகத் தெரிகிறது. பள்ளிக்கூட வரிசையில் நடுவில் நின்றவள் இந்த வருஷம் கடைசிக்குப் போய்விட்டாள், அவ்வளவு உயரம்.

இங்கே காட்டியதற்கு ஹார்மோன் டாக்டரைப் பாருங்கள் என்று கோவைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே இடது கை எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், தேவைப்பட்டால் தலைக்கு எம்.ஆர்.ஐ. என்று ஒரு பட்டியல். மார்பில் கட்டி என்றால் கையை எதற்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும்? காசு பிடுங்குகிற வேலையோ என்று வீட்டுக்காரர் கேட்கிறார். மாமியார் பிராய்லர் கோழியை நிறுத்து என்கிறார். நாத்தனாரோ, "எப்படியும் மூணு மாசத்துல உட்காந்துடுவா, உங்க அண்ணன்கிட்ட சீருக்குச் சொல்லி வைங்க" என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாளையார் லோடு (பல்லடம்)

அக்கா, நான் பல்லடத்திலிருந்து வாளையார் வழியாகப் பாலக்காடு, திருச்சூர் வரை கோழி லோடு ஓட்டுகிறவன். பண்ணைக்குள் போய் வருகிறேன். தடுப்பு மருந்துச் சொட்டு, தண்ணீரில் கலக்கிற மருந்து, தீவனம், இவைதான் நான் பார்த்தது. அஞ்சாயிரம் கோழியை ஒவ்வொன்றாகப் பிடித்து ஹார்மோன் ஊசி போட யாருக்கு நேரம் இருக்கிறது? ஆனால் நாற்பது நாளில் ரெண்டு கிலோ எப்படி வருகிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

நகரி நெசவு (நகரி)

சந்தேகம் என்றால் நாட்டுக்கோழி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அதில் என்ன நஷ்டம்?

சித்தூர்க்காரன் (கோவை)

குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவம் பார்க்கிறவன் நான். இங்கே எழுதுவது பொது விளக்கம்தான். உங்கள் குழந்தையைத் தொட்டுப் பார்த்தவர் சொல்வதே முடிவு.

கை எக்ஸ்ரே பற்றிய கேள்வி நல்ல கேள்வி. அதற்குத் தலையிலிருந்து வர வேண்டும். பருவம் தொடங்குகிற இடம் மூளை. அதன் அடியில் ஹைப்போதாலமஸ் என்று ஒரு சின்னப் பகுதி. அங்கே இருக்கிற சில ஆயிரம் நரம்பணுக்கள் ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது பக்கத்தில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டும். பிட்யூட்டரி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டை ரத்தத்தில் விடும். அவை சினைப்பைக்குப் போனால் அங்கே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் சுரக்கும், விரைக்குப் போனால் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன். மார்பு மொட்டு, குரல், மீசை எல்லாம் இந்தக் கடைசிப் படியின் வேலை. பெண் குழந்தைகளின் அக்குள் முடி, வியர்வை நாற்றம் பெரும்பாலும் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியின் பாதை, அது தனி. ஆறேழு வயதில் அது மட்டும் முந்திக்கொண்டு மார்பு வளராமல் இருப்பது பல குழந்தைகளிடம் உண்டு.

இதில் விசேஷம், ஜி.என்.ஆர்.எச். தொடர்ந்து ஒழுகக் கூடாது. ஏறத்தாழ மணிக்கு ஒரு தடவை என்று விட்டுவிட்டு வர வேண்டும். அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் நோபில் குழுவினர் 1978இல் குரங்குகளிடம் இதைக் காட்டினார்கள். விட்டுவிட்டுக் கொடுத்தால் எல்.எச். சுரக்கிறது, நிறுத்தாமல் செலுத்தினால் அடங்கிப்போகிறது. திண்ணையில் இருக்கும் கிழவர் எப்போதாவது கூப்பிட்டால் ஓடிப்போவோம், நாள் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை அல்லவா? பிட்யூட்டரியும் அப்படித்தான். முன்கூட்டி வரும் பருவத்துக்கு நாங்கள் போடுகிற ஊசி இந்தக் குணத்தைப் பயன்படுத்துவதுதான்.

இந்த அமைப்பு புதிதாக முளைப்பதும் இல்லை. பிறந்த சில வாரங்களில் ஒரு தடவை விழித்துக்கொள்கிறது. ஆண் குழந்தைக்கு ஏறத்தாழ ஆறு மாதத்துக்குள் அடங்கும். பெண் குழந்தைக்கு எஃப்.எஸ்.எச். இரண்டு வயது வரைகூட உயர்ந்திருக்கும். ஒரு வயதுக் குழந்தைக்கு மார்பு மட்டும் கொஞ்சம் தெரிந்து, மேற்கொண்டு வளராமல் நின்றுவிட்டால் பயமில்லை. (பிதுக்கிப் பால் எடுக்கிற பாட்டிமார் தயவுசெய்து நிறுத்துங்கள், சீழ் பிடித்து வருகிறார்கள்.) அதன் பிறகு மூளை அதை அமுக்கி வைக்கிறது. பல வருஷம் கழித்து அந்தப் பிடி தளர்வதுதான் பருவம். முதலில் இரவுத் தூக்கத்தில் மட்டும் எல்.எச். துடிப்புகள் எழும், பகலில் வருவது பிறகுதான்.

பிடியைத் தளர்த்துவது யார் என்பதற்கு 2003இல் ஒரு பெரிய துப்பு கிடைத்தது. பென்சில்வேனியா மாநிலத்தின் ஹெர்ஷி என்கிற சாக்லேட் ஊரில், 1996இல், புற்றுநோய் ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு ஜீனைக் கண்டு அந்த ஊர் மிட்டாயின் நினைவாகக் 'கிஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பருவமே வராத சில குடும்பங்களில் அந்த ஜீன் தரும் கிஸ்பெப்டின் என்ற புரதத்தை வாங்கிக்கொள்ளும் ஏற்பி பழுதாக இருப்பதை பிரான்ஸிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுவினர் தனித்தனியே கண்டார்கள். ஜி.என்.ஆர்.எச். அணுக்களைத் தட்டுகிற கை அதுதான்.

இப்போது எலும்பு. ஈஸ்ட்ரோஜன் எலும்பை முதலில் வேகமாக வளர்த்து, பிறகு எலும்பு நுனியில் அது நீள்கிற இடமான வளர்ச்சித் தட்டை மூடிவிடும். மணிக்கட்டில் நிறையச் சின்ன எலும்புகள் இருப்பதால் அதை எக்ஸ்ரே எடுத்து மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டால் எலும்புக்கு என்ன வயது என்று தெரியும். ஏழு வயதுக் குழந்தைக்குப் பத்து வயது எலும்பு இருந்தால், இன்று வகுப்பிலேயே உயரமானவள் பெரியவளாகும்போது எல்லோரையும்விடக் குள்ளமாக நிற்பாள். உங்கள் மகள் வரிசைக் கடைசிக்குப் போனதைச் சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமான தகவல்.

நகரி நெசவு (நகரி)

டாக்டர், எந்தச் சித்தூர்? எங்கள் ஆந்திரா சித்தூரா, பாலக்காட்டுச் சித்தூரா?

எலும்பு என்றால் எங்கள் பக்கம் புத்தூர் கட்டுதான். அதற்குத் தனியாக வயது உண்டு என்று இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

சித்தூர்க்காரன் (கோவை)

பாலக்காடு. சோகநாசினி ஆற்றங்கரை.

வயதுக் கணக்கை விட்டுவிட்டேன். பெண் குழந்தைக்கு மார்பு மொட்டு 8 வயதிலிருந்து 13 வரை எப்போது வந்தாலும் சரி. ஆண் குழந்தைக்கு விரை பெரிதாகத் தொடங்குவது 9இலிருந்து 14 வரை. அதற்கு முன்னால் வந்தால் முந்திய பருவம், அதற்குள் வராவிட்டால் தாமதம்.

நம் வீடுகளில் ஒரே ஒரு நாளைத்தான் கணக்கு வைக்கிறார்கள்: முதல் மாதவிலக்கு. அது தொடக்கம் அல்ல, கிட்டத்தட்ட முடிவு. மார்பு மொட்டு விட்டு சாதாரணமாக இரண்டு, இரண்டரை வருஷம் கழித்து வருவது. பெண் குழந்தையின் உயர வேகம் அதற்குள் உச்சம் தொட்டு இறங்கியிருக்கும். பிறகு சில சென்டிமீட்டர்தான் மிச்சம். நாத்தனார் கணக்குப்படி மூன்று மாதத்தில் வந்தால் அதுவே கோளாறு. ஆண் பிள்ளைக்கோ இந்த ஒரு நாள் கணக்கும் கிடையாது. அதனால்தான் என்னிடம் வருகிற பெண் குழந்தைகள் தாமதமாக வருகிறார்கள், பையன்கள் வருவதே இல்லை.

செம்மண்வீடு (கொழிஞ்சாம்பாறை)

நன்றி டாக்டர். வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன், எக்ஸ்ரேக்குச் சரி என்றுவிட்டார். தலை ஸ்கேனுக்கு இன்னும் முறைக்கிறார்.

சித்தூர்க்காரன் (கோவை)

அவர் முறைப்பதில் கொஞ்சம் நியாயம் உண்டு. பெண் குழந்தைகளில் பெரும்பாலும் மூளையில் ஒன்றும் இருக்காது. பிடி சீக்கிரம் தளர்ந்திருக்கும், அவ்வளவே. ஆறு வயதுக்குள் தொடங்கியிருந்தாலோ, தலைவலி, பார்வைக் குறை, வலிப்பு இருந்தாலோ கட்டாயம் எடுக்க வேண்டும். காரணமே இல்லாமல் திடீர் திடீரென்று சிரிக்கிற வலிப்பு ஒன்று இருக்கிறது. ஹைப்போதாலமஸில் பிறவியிலேயே இருக்கும் ஒரு சின்னக் கட்டியின் அடையாளம் அது. ஏழு வயதுக்கு மேல் எல்லோருக்கும் எடுக்க வேண்டுமா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. ஆனால் பையனுக்குப் பருவம் முந்தி மூளையிலிருந்து தொடங்கியிருந்தால் தலை ஸ்கேன் கட்டாயம். பையன்களிடம் முந்துவது அபூர்வம், முந்தினால் காரணம் இருக்கிற வாய்ப்பு அதிகம்.

மூளை தூங்கிக்கொண்டிருக்க, கீழே சுரப்பி தானாகச் சுரப்பதும் உண்டு. பையனுக்கு முடியும் குரலும் மாறிவிட்டது, விரை மட்டும் சின்னதாகவே இருக்கிறது என்றால் அட்ரீனலைப் பார்ப்போம். பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி என்ற நோயில் அப்படி ஆகும். கேரள அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தையின் குதிகாலில் சொட்டு ரத்தம் எடுத்துச் செய்கிற பரிசோதனையில் இதுவும் ஒன்று, அந்தத் தாளைத் தொலைக்காதீர்கள். உடம்பில் காபி நிறத்தில் பெரிய படைகள், எலும்பு முறிவு, கூடவே சின்ன வயதில் ரத்தப்போக்கு என்றால் அது வேறு நோய். குழந்தைக்கு மார்பு வளர்கிறது, ஆனால் உயரம் நின்றுவிட்டது என்றால் தைராய்டைப் பாருங்கள். தைராய்டு மிகக் குறைந்த குழந்தைகளிடம் இப்படி விநோதமாக நடக்கும், மாத்திரையிலேயே அடங்கிவிடும். அப்பா டெஸ்டோஸ்டிரோன் ஜெல் பூசிக்கொண்டு குழந்தையைத் தூக்கியதால் வந்ததும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

முதலமடை மாந்தோப்பு (முதலமடை)

டாக்டர் கோழியை மறந்துவிட்டார். நான் பூச்சிமருந்தையும் கேட்கிறேன். எங்கள் பக்கம் மாந்தோப்பில் அடித்த மருந்துக்கு அளவே கிடையாது. சின்னப் பிள்ளைகள் சீக்கிரம் பெரிசாவதற்கு அதுதான் காரணம் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள்.

சித்தூர்க்காரன் (கோவை)

கோழி முதலில். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 காலத்து மூன்று கோழி வகைகளை ஒரே கொட்டகையில் ஒரே தீவனம் போட்டு வளர்த்தார்கள். 56ஆம் நாள் எடை முறையே 0.9 கிலோ, 1.8 கிலோ, 4.2 கிலோ. தீவனம் ஒன்றுதான், மாறியது இனம். வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம், தீவனத்தில் கலந்தால் கோழியின் வயிற்றிலேயே செரித்துவிடும். வாளையார் லோடு சொன்ன மாதிரி, ஊசி போடவும் ஆளில்லை. பண்ணையில் கவலைப்பட வேண்டிய விஷயம் ஆன்டிபயாடிக், அது வேறு கதை.

ஆனால் மாமியாரின் சந்தேகத்தில் பாதி உண்மை வேறு வழியில் இருக்கிறது. பொரித்த கோழியும் பரோட்டாவும் பாக்கெட் தீனியும் எடையைக் கூட்டும். கொழுப்பு சுரக்கிற லெப்டின் என்ற ஹார்மோன் (1994இல் கண்டுபிடித்தது) உடம்பில் சேமிப்பு போதும் என்று மூளைக்குச் சொல்கிறது. லெப்டின் பிறவியிலேயே இல்லாத பிள்ளைகளுக்குப் பருவம் வராது. எடை கூடிய பெண் குழந்தைகளுக்குச் சற்று முன்னதாகவே வருகிறது. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் முதல் மாதவிலக்கு 16, 17 வயதில் வந்தது, இப்போது 13க்குப் பக்கம். சாப்பாடும் நோய்க் குறைவும்தான் இதில் பெரும் பங்கு. 2020 ஊரடங்கில் முந்திய பருவத்தோடு வந்த பெண் குழந்தைகள் திடீரென்று கூடியதை முதலில் இத்தாலியில் எழுதினார்கள், பிறகு இந்தியாவிலும் பதிவானது.

பூச்சிமருந்துக்கு நம் பக்கத்து ஆதாரமே இருக்கிறது, ஆனால் அது நீங்கள் நினைக்கிற திசையில் இல்லை. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் இருபது வருஷத்துக்கு மேல் ஹெலிகாப்டரில் எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். அங்கே பத்ரெ கிராமத்துப் பள்ளிப் பையன்கள் 117 பேரையும், தெளிப்பு இல்லாத பகுதிப் பையன்கள் 90 பேரையும் அகமதாபாத் தேசியத் தொழில்சார் நல நிறுவனத்தார் ஒப்பிட்டு 2003இல் வெளியிட்டார்கள். மருந்துக்கு ஆளான பையன்களிடம் பருவ வளர்ச்சி வயதுக்குப் பின்தங்கியிருந்தது, எல்.எச். கூடியிருந்தது. அதாவது தாமதம். ஒரே ஆய்வு, சின்ன எண்ணிக்கை, அதனால் எல்லாவற்றுக்கும் இதை ஆதாரமாக நீட்ட முடியாது. 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தைத் தடை செய்துவிட்டது.

முதலமடை மாந்தோப்பு (முதலமடை)

தாமதம் என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை. பையன்களை யார் பார்த்தார்கள்?

பாறசாலை அப்பா (பாறசாலை)

நான் கேட்க வந்ததும் பையனைப் பற்றித்தான், டாக்டர் சார். பதினாலரை வயது. வகுப்பிலேயே குள்ளம், குரல் உடையவில்லை, மீசை கிடையாது. ஃபுட்பால் டீமில் எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். களியக்காவிளையில் ஒருவர் ஜிம் பவுடர் கொடு என்கிறார். நானும் அப்படித்தான், காலேஜ் போன பிறகுதான் வளர்ந்தேன். விட்டுவிடலாமா?

சித்தூர்க்காரன் (கோவை)

நீங்கள் காலேஜில் வளர்ந்தது பெரிய தகவல். பையன்களின் தாமதத்தில் பெரும்பாலானது குடும்பத்தில் வருகிற இந்த மெதுவான கடிகாரம்தான். எலும்பு வயதும் பின்தங்கியிருக்கும், அதனால் வளர இடம் மிச்சம் இருக்கும். ஆனால் அப்படி முடிவு செய்ய ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். சூரிச்சில் ஆண்ட்ரியா பிராடர் உருவாக்கிய மணிமாலை ஒன்று எங்கள் மேசையில் இருக்கும். 1 மில்லியிலிருந்து 25 மில்லி வரை மரமணிகள், அதோடு விரையின் அளவை ஒப்பிடுவோம். 4 மில்லி வந்துவிட்டால் வண்டி கிளம்பிவிட்டது என்று பொருள், மீசை பிறகு வரும். பையன்களின் உயரப் பாய்ச்சல் நடுவில்தான், 10 மில்லி அளவில். பெண் குழந்தைகளுக்குத் தொடக்கத்திலேயே. ஏழாம் வகுப்பில் பெண்கள் உயரமாக நிற்பது அதனால்தான்.

ரத்தசோகை, தைராய்டு, கோதுமை குடலுக்கு ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய், நாள்பட்ட குடல், சிறுநீரக நோய் இல்லை என்று பார்த்துவிட்டு, பையன் மனது ரொம்ப வாடியிருந்தால் டெஸ்டோஸ்டிரோன் 50 மில்லிகிராம் ஊசி, மாதம் ஒன்று, மூன்று முதல் ஆறு மாதம். அது மூளையின் கடிகாரத்தையும் தட்டிவிடும். ஜிம் பவுடர் வேண்டாம். அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது.

உயரம்_வேண்டுமா

(மட்டுறுத்துநர்: உயரம் கூட்டும் லேகிய விளம்பரமும் போன் நம்பரும் நீக்கப்பட்டன. இந்த இழையில் மருந்து விற்க வேண்டாம். ஒன்பது வயதில் பெரியவளானால் சபரிமலைக்கு அழைத்துப் போகலாமா என்ற கேள்வியும் தனி இழைக்கு மாற்றப்பட்டது.)

அகளி டீச்சர் (அட்டப்பாடி)

சோளையூர், அகளிப் பக்கம் பள்ளியில் இருக்கிறேன். என் வகுப்பில் இருளர் குழந்தைகள்தான் அதிகம். இங்கே பேசுவதில் பாதி "சீக்கிரம் வந்துவிட்டதே" என்ற கவலை. எனக்கு எதிர்ப் பக்கம். ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பெண் ஆறாம் வகுப்புக் குழந்தை மாதிரி இருப்பாள். நம் ஊர் உடம்பு இவ்வளவுதான் என்று பெற்றோர் சொல்வார்கள். பாதிப் பேருக்குக் கண்ணில் வெளுப்பு. சில பிள்ளைகளுக்கு, ரத்த அணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துவிடும் அரிவாள் செல் நோய். வலி வந்து மாதக்கணக்கில் வராமல் போவார்கள். இதற்கும் பருவத்துக்கும் தொடர்பு உண்டா டாக்டர்?

சித்தூர்க்காரன் (கோவை)

நேரடித் தொடர்பு உண்டு டீச்சர். அரிவாள் செல் நோயில் உடம்பு எப்போதும் ரத்தம் உண்டாக்குவதிலேயே சத்தைச் செலவழிக்கிறது. உயரம், எடை, பருவம் மூன்றும் ஒன்று இரண்டு வருஷம் தள்ளிப்போவது சாதாரணம். ரத்தம் சரியாக உண்டாகாததால் அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்கிற தலசீமியாப் பிள்ளைகளுக்கு இன்னொரு ஆபத்து. ஏற்றிய ரத்தத்தின் இரும்பு பிட்யூட்டரியிலேயே படிந்து அதைக் கெடுத்துவிடும், இரும்பை வெளியேற்றும் மருந்தை விடாமல் எடுக்க வேண்டும். வெறும் சாப்பாட்டுக் குறைவு என்றால் எடை ஏறினாலே கடிகாரம் ஓடத் தொடங்கும். நீங்கள் செய்யக்கூடியது, வருஷத்துக்கு இரண்டு தடவை உயரம் அளந்து எழுதி வைப்பது. எனக்கு வருகிற எந்தப் பரிசோதனைத் தாளைவிடவும் அந்த நோட்டு உதவும்.

நகரி நெசவு (நகரி)

டீச்சர் எழுதியதைப் பார்த்த பிறகு நானும் சொல்லிவிடுகிறேன். பெயர் வேண்டாம், எங்கள் நெருங்கிய சொந்தத்தில் ஒரு பெண். பதினாறு வயது வரை ஆளாகவில்லை. சின்ன வயதிலிருந்தே குள்ளம், படிப்பில் சுட்டி. நாக தோஷம் என்று காளஹஸ்தியில் ராகு கேது பூஜை செய்தோம், புற்றுக்குப் பால் ஊற்றினோம். ஒரு டாக்டர் கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றுகூடச் சொன்னார். கடைசியில் வேலூருக்குப் போய் ரத்தத்தில் குரோமோசோம் பார்த்தபோது இரண்டு எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான். டர்னர் என்றார்கள். ஆறேழு வயதில் கொண்டுவந்திருந்தால் உயரத்துக்கு ஊசி கொடுத்திருக்கலாம் என்று அந்த டாக்டரம்மா சொன்னபோது அவள் அம்மா அழுத அழுகை இருக்கிறதே.

சித்தூர்க்காரன் (கோவை)

பூஜையைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கல்யாண யோசனையைத்தான் மன்னிக்க முடியவில்லை.

டர்னர் இரண்டாயிரம், இரண்டாயிரத்தைந்நூறு பெண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது, அபூர்வம் என்று சொல்ல முடியாது. காரணம் தெரியாமல் குள்ளமாக இருக்கிற ஒவ்வொரு பெண் குழந்தைக்கும் குரோமோசோம் பார்க்க வேண்டும் என்று நாங்கள் கத்துவது இதனால்தான். சினைப்பை முன்பே வற்றிவிடுகிறது, மூளை எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் ஏற்றிக்கொண்டே போகும், கீழே பதில் இருக்காது. பதினொன்று, பன்னிரண்டு வயதில் ஈஸ்ட்ரோஜனை மிகக் குறைந்த அளவில் தொடங்கி இரண்டு மூன்று வருஷத்தில் படிப்படியாக ஏற்றி, பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனைச் சேர்ப்போம். இதயத்தின் பெருந்தமனியையும் சிறுநீரகத்தையும் தவறாமல் பார்க்க வேண்டும், அந்தப் பெண்ணுக்குப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

13 வயதில் மார்பு மொட்டே இல்லை, அல்லது 15 வயதில் மாதவிலக்கு இல்லை என்றால் காத்திருக்க வேண்டாம். மார்பு எல்லாம் நன்றாக வளர்ந்து, மாதாமாதம் அடிவயிறு மட்டும் வலித்து, ரத்தம் வரவில்லை என்றால் ஹார்மோனில் குறை இருக்காது. வெளியேறும் வழியில் தோல் மூடியிருக்கலாம், சின்ன அறுவை சிகிச்சையில் தீரும். இதை வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த வீடுகள் உண்டு.

செம்மண்வீடு (கொழிஞ்சாம்பாறை)

முடிவுகள் வந்துவிட்டன. எலும்பு வயது ஒன்பதரை. ஊசி போட்டு எடுத்த ரத்தத்தில் எல்.எச். 11 என்று எழுதியிருக்கிறது. கருப்பையும் வளரத் தொடங்கியிருக்கிறதாம். எம்.ஆர்.ஐ. எடுத்தோம், ஒன்றும் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை லூப்ரோலைடு ஊசி என்றார்கள். பின்னால் குழந்தை பிறப்பதில் பிரச்சினை வருமா என்று மாமியார் கேட்கிறார். எனக்கும் அதே பயம்தான்.

சித்தூர்க்காரன் (கோவை)

தூண்டிப் பார்த்த பிறகு எல்.எச். 5க்கு மேல் போனால் மூளையிலிருந்து தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்வோம். அதனால் 11 தெளிவான எண். ஊசியில் இருப்பது ஜி.என்.ஆர்.எச். மாதிரியே செய்த மருந்து. விட்டுவிட்டு வராமல் தொடர்ந்து இருப்பதால் பிட்யூட்டரி அடங்கிவிடும். முதல் ஊசிக்குப் பிறகு சில நாளில் லேசான ரத்தக் கசிவு வரலாம், முதலில் ஒரு தடவை தூண்டிவிட்டுத்தான் அடங்கும். பயந்து அதைச் சடங்காக்கிவிடாதீர்கள். பதினொரு வயதுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் ஒன்று, ஒன்றரை வருஷத்தில் மாதவிலக்கு தானாக வரும். இந்தச் சிகிச்சை எண்பதுகளிலிருந்து நடக்கிறது. அப்போது எடுத்துக்கொண்டவர்கள் இன்று பிள்ளை பெற்றவர்கள். எலும்பு அடர்த்தியும் நிறுத்திய பிறகு திரும்பிவிடுகிறது.

ஒன்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். உயரத்தில் பெரிய லாபம் ஆறு வயதுக்குள் தொடங்குகிறவர்களுக்கு. ஏழரை வயதில் ஓரளவு. எட்டு தாண்டினால் உயரத்துக்காக மட்டும் போட மாட்டேன். உங்கள் மகளின் எலும்பு இரண்டு வருஷம் முந்தியிருப்பதால் போடுவது சரி என்றே எனக்கும் தோன்றுகிறது. இதே வயதில் வளர்ச்சி மெதுவாக இருந்தால் மூன்று, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அளந்து பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதே நல்ல வைத்தியம்.

வேலந்தாவளம் மாமன் (வேலந்தாவளம்)

எல்லாம் சரிங்க டாக்டர். ஊசி போட்டுத் தள்ளிப்போடுவது இயற்கைக்கு விரோதம் இல்லையா? என் அக்கா மகளுக்கு ஒன்பது வயதில் சீர் செஞ்சோம். பச்சை ஓலைக் குச்சு கட்டி, மேடை போட்டு, ஃபிளெக்ஸ் வைத்து, நூற்றி ஒரு தட்டு. குழந்தை சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

அகளி டீச்சர் (அட்டப்பாடி)

நாலாம் வகுப்புக் குழந்தையின் படத்தை ஃபிளெக்ஸில் போட்டு ஊருக்கு முன்னால் "இவள் பெரியவள்" என்று அறிவித்தால் அடுத்த நாள் பஸ்ஸில் அவளைப் பார்க்கிற கண்கள் எப்படி இருக்கும் என்று மாமன் யோசித்தீர்களா? அவள் மனது நாலாம் வகுப்பில்தான் இருக்கிறது. பஞ்சு மாற்றக்கூடத் தெரியாமல் டாய்லெட்டில் அழுத பிள்ளையைக் கழுவிவிட்டவள் நான். தட்டு நூற்றி ஒன்று வைத்த வீட்டில் ஒருத்தரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

வேலந்தாவளம் மாமன் (வேலந்தாவளம்)

டீச்சர், தாய்மாமன் உரிமையை நீங்கள் இழிவாகப் பேச வேண்டாம்.

நகரி நெசவு (நகரி)

உரிமை இருக்கட்டும் அண்ணா. உயரம் அளக்கிற உரிமையையும் தாய்மாமனே எடுத்துக்கொள்ளலாமே.

தேயிலைக்காடு (மூணாறு)

ரொம்ப நாளாக வாசிக்க மட்டும் செய்தவன். பையன்களைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். எனக்கு இப்போது இருபத்து நாலு. பதினேழு வயதிலும் எனக்கு ஒரு மாற்றமும் இல்லை. எஸ்டேட் லைனில் கூப்பிட்ட பெயர்களை இங்கே எழுத முடியாது. அம்மா மெதுவாக வளர்வான் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "உனக்கு வாசனை தெரியுமா?" என்பது. எனக்குத் தெரியாது. அப்பா தேயிலை ஃபேக்டரியில் இலை வாடுகிற கொட்டகையில் வேலை பார்த்தவர், வாசனையை வைத்தே இலையின் பக்குவம் சொல்வார். அது அவர் திறமை என்றுதான் நினைத்திருந்தேன். மற்ற எல்லோருக்கும் ஏதோ ஒன்று தெரிகிறது, எனக்கு மட்டும் இல்லை என்பதே அப்போதுதான் புரிந்தது.

சித்தூர்க்காரன் (கோவை)

கால்மன் நோய்க்கூறு. ஜி.என்.ஆர்.எச். அணுக்கள் கருவில் மூக்குப் பகுதியில் பிறந்து, வாசனை நரம்புகளோடு சேர்ந்து மூளைக்குள் நடந்து போகின்றன. அந்தப் பயணம் தடைப்பட்டால் வாசனையும் இல்லை, பருவமும் இல்லை. ஸ்பெயினில் 1856லேயே பிரேதப் பரிசோதனையில் இந்த இரண்டும் சேர்ந்திருப்பதை எழுதிவைத்தார்கள், கால்மன் 1944இல் குடும்பங்களில் வருவதைக் காட்டினார். பாறசாலை அப்பா, உங்கள் பையனிடமும் வாசனை கேளுங்கள். காபிப் பொடியைக் கண்ணை மூடி முகரச் சொல்லுங்கள். மெதுவான கடிகாரத்துக்கும் இதற்கும் பதினாலு வயதில் ரத்தப் பரிசோதனையால்கூட வித்தியாசம் சொல்வது கஷ்டம்.

பாறசாலை அப்பா (பாறசாலை)

கேட்டுவிட்டேன் சார். பக்கத்து வீட்டில் மீன் வறுப்பதையே வாசனையில் சொல்கிறான். தேயிலைக்காடு தம்பி, உனக்கு என்ன சிகிச்சை கொடுத்தார்கள்? கல்யாணம், குழந்தை எல்லாம்?

தேயிலைக்காடு (மூணாறு)

முதலில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி அண்ணா. குறைந்த அளவில் தொடங்கி ஏற்றினார்கள். ஒரு வருஷத்தில் குரல் உடைந்தது, மீசை வந்தது, தோள் அகலமானது. அது விரையை வளர்க்காது, விந்தணுவும் தராது. குழந்தை வேண்டும் என்கிற காலத்தில் அதை நிறுத்திவிட்டு, எல்.எச். மாதிரி வேலை செய்கிற எச்.சி.ஜி. ஊசி வாரத்துக்கு இரண்டு மூன்று, அதோடு எஃப்.எஸ்.எச். ஊசி, ஒரு வருஷமோ அதற்கு மேலோ போட வேண்டும் என்றார்கள். பலருக்குப் பலன் கிடைக்கிறதாம். எனக்குப் பெண் பார்க்கிறார்கள், முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் கட்டுவேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு அதில் சம்மதம் இல்லை, சண்டை நடக்கிறது.

இன்னொன்று. அந்த ஊசி மருந்துகளில் சிலதைக் குளிரில் வைக்க வேண்டும். கோட்டயத்திலிருந்து பஸ்ஸில் மேலே வருகிறவர்கள் மருந்துக்கடையில் தெர்மாகோல் டப்பாவும் ஐஸ் பாக்கெட்டும் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுப்பார்கள், கேட்காவிட்டால் வெறும் கவரில் போட்டுத் தருவார்கள்.